மழை வந்தால் ட்ரிப் ஆகும் கேட் லைட்: பழுது சுவிட்சில் இல்லை, மண்ணுக்குள் இருக்கிறது

வீடு கட்டி முடிக்கும் கடைசி வாரத்தில்தான் பலருக்கும் வெளி லைட் நினைவுக்கு வருகிறது. டைல்ஸ் முடிந்திருக்கும், பெயின்ட் முடிந்திருக்கும், கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறித்தாகியிருக்கும். பேவர் பிளாக் பதிக்க ஆட்கள் வந்து நிற்பார்கள். "கேட்டுல ஒரு லைட், மாமரத்துக்கிட்ட ஒரு லைட் வேணுமே" என்று அப்போதுதான் பேச்சு வரும். "சின்ன லைட்டுதான சார், ஒரு பைப்பைப் போட்டு மூடிடலாம்" என்பது பதிலாக இருக்கும். ஒரு சாண் ஆழத்தில் பள்ளம், அதில் ஒரு பிவிசி பைப், பைப்புக்குள் வீட்டு வேலையில் மிச்சமான வயர், மேலே மண், அதற்கு மேல் பேவர் பிளாக். அரை நாளில் வேலை முடிந்துவிடும்.

பிரச்சினையும் அங்கேதான் தொடங்குகிறது. வீட்டுக்குள் செய்த வயரிங்கில் தவறு இருந்தால் சுவிட்ச் போர்டைக் கழற்றிப் பார்க்கலாம். மண்ணுக்குள் போன பைப்பை அப்படிப் பார்க்க முடியாது. தண்ணீர், மண், வெறுங்கால், மின்சாரம் நான்கும் சந்திக்கிற இடமும் அதுதான். ஆகவே இந்த வேலையில் உருப்படியாகச் சோதிக்கக் கிடைப்பது ஒரே ஒரு பொழுதுதான். பள்ளம் வெட்டியதற்கும் மண் தள்ளியதற்கும் நடுவில் இருக்கும் சில மணி நேரம். அந்த நேரத்தில் யாரும் பார்க்காமல் மூடுவதே இன்று வழக்கமாக இருக்கிறது. அந்த வழக்கம் மாற வேண்டும்.

சின்ன லைட் என்றால் சின்ன ஆபத்தா?

ஒரு 9 வாட் எல்இடி பல்பு 230 வோல்ட்டில் இழுக்கும் மின்னோட்டம் ஏறத்தாழ 40 மில்லி ஆம்பியர். கேட்கச் சின்ன அளவுதான். ஆனால் மனித உடலின் கணக்கு வேறு. 10 மில்லி ஆம்பியரைத் தாண்டினாலே பிடித்த கம்பியைக் கை விட முடியாமல் போகலாம். 30 மில்லி ஆம்பியரைத் தாண்டி ஒரு விநாடிக்கு மேல் நீடித்தால் இதயத் துடிப்பு தாறுமாறாகும் அபாயம் உண்டு. அந்தச் சின்ன பல்பு சாதாரணமாக எரியும்போது இழுப்பதே இந்த எல்லைக்கு மேல்தான்.

அதுமட்டுமல்ல, பழுது வந்தால் உடம்பில் எவ்வளவு மின்சாரம் பாயும் என்பதைப் பல்பு தீர்மானிப்பதில்லை. வயரில் இருக்கும் 230 வோல்ட்டும், தொட்டவரின் உடல் எவ்வளவு ஈரமாக இருக்கிறது என்பதும்தான் தீர்மானிக்கின்றன. நனைந்த உடலின் மின்தடையை 1,000 ஓம் என்று வைத்துக்கொண்டால் 230 மில்லி ஆம்பியர் பாயும். 9 வாட் பல்புக்குப் போன வயரும் 2,000 வாட் கீசருக்குப் போன வயரும் இந்த விஷயத்தில் ஒன்றுதான்.

தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் விபத்து அறிக்கைகளைப் பார்த்தால், சமீப ஆண்டுகளில் இந்தியாவில் மின்சாரம் தாக்கி ஆண்டுக்கு 12,000 பேருக்கும் மேல் இறந்திருக்கிறார்கள். தமிழ்நாட்டுக்கு இதில் மழைக்கால நினைவுகள் தனியாக இருக்கின்றன. 2017 நவம்பரில் சென்னை கொடுங்கையூரில், மழைநீரில் கிடந்த மின் வயரை மிதித்த 2 சிறுமிகள் உயிரிழந்தனர். 2019 செப்டம்பரில் முகலிவாக்கத்தில், தண்ணீர் தேங்கிய தெருவில் நடந்துபோன 14 வயதுச் சிறுவன் தரைக்கடியில் போன கேபிளில் இருந்து மின்சாரம் பாய்ந்து உயிரிழந்தான். அவையெல்லாம் தெருவில் நடந்தவை, அரசுத் துறைகளிடம் கேள்வி கேட்டோம். வீட்டுக் காம்பவுண்டுக்குள் அதே மாதிரி ஒரு கேபிளைப் புதைக்கும்போது கேள்வி கேட்க வேண்டியவர் வீட்டுக்காரர்.

பைப்புக்குள்தானே இருக்கிறது, தண்ணீர் எப்படிப் போகும்?

வெளியே புதைக்கும் மின் பைப் எதுவாக இருந்தாலும் ஒரு நாள் அதற்குள் தண்ணீர் நிற்கும். இதை ஏற்றுக்கொண்டுதான் வேலையைத் தொடங்க வேண்டும். குடிநீர் பைப்பை ஒட்டுவதுபோல மின் பைப்பை யாரும் அழுத்தம் கொடுத்துச் சோதித்து ஒட்டுவதில்லை. கப்லிங்கில் பசை போடாமல் வெறுமனே செருகுவதும் நடக்கிறது. சரியாக ஒட்டியிருந்தாலும் கம்பத்தின் மேல் பக்கத்தில் இருந்து ஈரக்காற்று உள்ளே போகும். ராத்திரி மண் குளிரும்போது அந்த ஈரம் பைப்பின் உட்சுவரில் துளித்துளியாகப் படியும். மூன்று மாத வடகிழக்குப் பருவமழை இதற்குத் தாராளம்.

மண்ணும் சும்மா இருப்பதில்லை. களிமண் மழையில் உப்பி வெயிலில் சுருங்கும்போது ஜாயிண்டை இழுக்கும். தென்னை வேர் தள்ளும். பெருச்சாளி குடையும். நாலு வருஷம் கழித்துச் சொட்டு நீர்க் குழாய் போட வருபவரின் கடப்பாரை ஒன்று போதும்.

அப்படியானால் பைப் எதற்கு? அடி படாமல் காக்க, பிறகு வயரை மாற்ற வேண்டியிருந்தால் இழுத்துப் போட. அவ்வளவுதான் அதன் வேலை. ஈரத்தில் இருந்து காக்க வேண்டியது உள்ளே இருக்கும் கேபிள்.

சுவருக்குள் ஓட்டும் சாதாரண ஒற்றை வயர்கள் வருஷக்கணக்கில் ஈரத்தில் ஊறிக் கிடப்பதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. மண்ணுக்குள் போக வேண்டியது ஆர்மர்டு கேபிள். உள்ளே மூன்று கோர், சுற்றிலும் இரும்புக் கம்பிக் கவசம், அதற்கும் மேல் ஒரு பிவிசி உறை. ஐஎஸ் 1554 அல்லது ஐஎஸ் 7098 என்ற எண் கேபிளின் மேலேயே அச்சாகியிருக்கும். நாலைந்து எல்இடி லைட்டுக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் தாராளம். லோடுக்காக அந்த அளவு தேவையில்லை, உறுதிக்காகத்தான். மூன்றாவது கோர் எர்த்துக்கு. அதோடு கேபிளின் இரும்புக் கவசத்தையும் கிளாண்டு போட்டு எர்த்தில் சேர்க்க வேண்டும். அப்படிச் செய்திருந்தால் கடப்பாரை கவசத்தைக் கிழித்து உள்ளே போனாலும் மின்சாரம் எர்த்துக்கு ஓடும்.

எம்சிபி இருக்கிறதே, போதாதா?

போதாது. இந்த வேலையில் அதிகம் பேர் தப்பாக நம்புவது இதைத்தான். எம்சிபி வயரைக் காப்பாற்றும் கருவி. வயர் சூடாகி எரியும் அளவுக்கு மின்சாரம் போனால் விழும். 6 ஆம்பியர் எம்சிபி 6 ஆம்பியர் வரை அசையாது. மனிதரைக் கொல்லும் 0.1 ஆம்பியரை அது கவனிக்கவே கவனிக்காது.

மனிதரைக் காப்பாற்ற இருப்பது ஆர்சிசிபி. போகும் மின்சாரமும் திரும்பி வரும் மின்சாரமும் சமமா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். எங்கேயோ கசிந்து வித்தியாசம் 30 மில்லி ஆம்பியரைத் தொட்டால், அரை விநாடிகூட ஆகாமல் இணைப்பைத் துண்டித்துவிடும். மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிமுறைகளில் வீட்டு இணைப்புகளுக்குச் சொல்லியிருக்கும் எல்லையும் இந்த 30 மில்லி ஆம்பியர்தான். கடையில் 100, 300 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபியும் கிடைக்கும். அவை ஆள் உயிரைக் காக்கும் அளவுக்கு நுட்பமானவை அல்ல. பெட்டியின் மேல் அச்சாகியிருக்கும் எண்ணை வீட்டுக்காரரே படித்துப் பார்க்கலாம், இதற்கு எலக்ட்ரிக்கல் படிப்பு வேண்டாம்.

அடுத்தது எர்த். "கம்பத்துக்குப் பக்கத்துல ஒரு ராடு அடிச்சு எர்த் குடுத்துட்டேன்" என்பார்கள். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அந்த ராடு மண்ணோடு சேரும் இடத்தில் 50 ஓம் மின்தடை இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், இரும்புக் கம்பத்தில் பேஸ் பட்டதும் ராடு வழியாக 4.6 ஆம்பியர் போகும். 6 ஆம்பியர் எம்சிபி விழாது. கம்பம் ஏறக்குறைய 220 வோல்ட்டோடு நின்றுகொண்டே இருக்கும். லைட்டும் எரியும், யாருக்கும் எதுவும் தெரியாது. மின் கட்டணம் மட்டும் ஏறும்.

சரியான வழி, பேஸ், நியூட்ரலோடு சேர்த்து ஒரு எர்த் வயரையும் டிபி பாக்ஸில் இருந்தே கொண்டுவந்து கம்பத்தின் உடம்பில் போல்ட் போட்டு முறுக்குவது. அதோடு ஆர்சிசிபியும் இருக்க வேண்டும். இரண்டும் ஜோடியாகத்தான் வேலை செய்யும். எர்த் வயர் இருந்தால், கம்பத்தில் கசிவு உண்டான நொடியே ஆர்சிசிபி விழும். எர்த் வயர் இல்லாவிட்டால், யாராவது கம்பத்தைத் தொட்ட பிறகுதான் விழும். இந்த ஒரு வித்தியாசத்துக்காகத்தான் அந்தப் பச்சை வயர்.

"மழை வந்தா ட்ரிப் ஆகுது சார், எடுத்துடலாமா?"

அதிகம் பேசப்படாத ஆபத்து இதுதான். ஆர்சிசிபி போட்ட வீட்டில், முதல் மழையிலோ இரண்டாம் மழையிலோ ஒரு ராத்திரி மொத்த வீடும் இருண்டுபோகும். ஃபிரிட்ஜ் நிற்கும், வைஃபை நிற்கும், வேலை பார்த்துக்கொண்டிருந்தவரின் மீட்டிங் அறுந்துபோகும். வயர்மேன் வந்து பார்ப்பார். வெளி லைட் லைனைக் கழற்றினால் ஆர்சிசிபி நிற்கும், மாட்டினால் விழும். மண்ணைத் தோண்ட யாருக்கும் மனசு வராது. உடனே இரண்டில் ஒன்று நடக்கும். ஆர்சிசிபியைக் கழற்றிவிடுவார்கள், அல்லது வெளி லைட் லைனை மட்டும் ஆர்சிசிபிக்கு முன்னால் இருந்து எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். ட்ரிப் நின்றுவிடும். "சரி ஆயிடுச்சு" என்று எல்லோருக்கும் நிம்மதி.

சரியானது எதுவும் இல்லை. மண்ணுக்குள் எங்கேயோ வயர் நனைந்து மின்சாரம் கசிகிறது என்று கருவி சொன்னது, கருவியின் வாயை அடைத்தாகிவிட்டது. வீட்டிலேயே அதிக ஆபத்தான லைனுக்குப் பாதுகாப்பை எடுத்துவிட்டு, ஆபத்து குறைந்த படுக்கையறைக்கு மட்டும் விட்டுவைக்கும் விசித்திரம் இப்படித்தான் நடக்கிறது.

வயர்மேனை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. வீடு முழுக்க ஒரே ஆர்சிசிபி என்றால் இந்த நெருக்கடி வரத்தான் செய்யும். வெளி லைட்டுக்கென்று தனியாக ஒரு ஆர்சிபிஓ போட்டுவிட்டால் தீர்ந்தது. எம்சிபியும் ஆர்சிசிபியும் சேர்ந்த ஒரே கருவி அது. தோட்டத்தில் கசிவு வந்தால் தோட்டம் மட்டும் இருளும், ஃபிரிட்ஜ் ஓடும். பழுதை நிதானமாகத் தேடலாம். ஒரு மிக்சி விலையைத் தாண்டாத இந்தக் கருவியை டிபி பாக்ஸ் மாட்டும்போதே கேட்டு வாங்குவதுதான் புத்திசாலித்தனம். அதற்கென்று வரும் நியூட்ரலும் தனியாக வர வேண்டும். பக்கத்து பாத்ரூம் லைட்டில் இருந்து நியூட்ரலை இழுத்தால், கசிவே இல்லாமலும் விழுந்துகொண்டே இருக்கும். பழி கருவி மேல் விழும்.

எவ்வளவு ஆழம்?

கேபிள் புதைப்பதற்கான இந்தியத் தர நிர்ணயம் ஐஎஸ் 1255, வீட்டு மின்சாரம் போன்ற குறைந்த அழுத்த கேபிள்களுக்குச் சொல்லும் ஆழம் 75 சென்டிமீட்டர். இரண்டரை அடி. கேபிளுக்குக் கீழேயும் மேலேயும் சலித்த மணல், அதன் மேல் செங்கல் அல்லது பலகைக்கல், பிறகு மண். கல்லின் வேலை, தோண்டுகிறவரின் கடப்பாரையை முதலில் தடுத்து, "கீழே ஏதோ இருக்கு" என்று சொல்வது. மஞ்சள் எச்சரிக்கை டேப் ஒன்றைக் கல்லுக்கு மேல் ஓட்டினால் இன்னும் நல்லது.

நடைமுறையில் வீடுகளில் நடப்பது ஒரு சாண், அதாவது அரை அடி, முக்கால் அடி. பேவர் பிளாக்கும் அதன் கீழ் கொட்டும் எம்சாண்டும் போக, பைப்புக்கு மேல் மண்ணே இருக்காது. கார் ஏறி இறங்கும் இடம் அது.

இதைப் பற்றிப் பேசும்போது யூடியூப் வீடியோக்களையும் சொல்ல வேண்டும். வார இறுதியில் தானே செய்து பார்க்கலாம் என்று நினைக்கும் இளைஞர்கள் முதலில் போய் நிற்பது அமெரிக்க வீடியோக்களில். அங்கே பிவிசி பைப்புக்கு 18 அங்குலம் போதும் என்பார்கள். கசிவுப் பாதுகாப்பு இருக்கும் 120 வோல்ட் லைனுக்கு 12 அங்குலம்கூட அவர்களின் விதியில் உண்டு. அங்கே இருப்பது 120 வோல்ட், இங்கே 230. ஆழத்தைவிடப் பெரிய பொறி நிறத்தில் இருக்கிறது. அமெரிக்காவில் கறுப்பு வயர்தான் பேஸ், வெள்ளை நியூட்ரல். நம் ஊரில் கறுப்பு நியூட்ரல், சிவப்பு, மஞ்சள், நீலம் பேஸ், பச்சை எர்த். வீடியோவைப் பார்த்து அப்படியே இணைத்தவர் பேஸையும் நியூட்ரலையும் மாற்றிக் கொடுத்திருப்பார். லைட் எரியும். சுவிட்சை அணைத்த பிறகும் லைட்டுக்குள் மின்சாரம் நிற்கும். பல்பு மாற்ற ஏறுபவருக்கு அது தெரியாது.

பாறை பூமியில் இரண்டரை அடி தோண்டுவது கஷ்டம் என்பது உண்மைதான். தோண்ட முடியாத இடத்தில் ஆழத்துக்குப் பதில் காப்பைக் கூட்ட வேண்டும். ஜிஐ பைப்புக்குள் கேபிளை விட்டு, பைப்பையும் எர்த்தில் சேர்த்து, மேலே கான்கிரீட் போடலாம். காம்பவுண்டுச் சுவரை ஒட்டி, தரைக்கு மேலேயே கிளாம்ப் அடித்துக் கொண்டுபோவது இன்னொரு வழி. பார்க்க அழகாக இருக்காது. ஆனால் அரை அடியில் ஒளித்து வைத்த பைப்பைவிடக் கண்ணுக்குத் தெரியும் பைப் மேல். இரண்டுக்கும் மனசு வரவில்லை என்றால், அந்த இடத்தில் லைட் வேண்டாம் என்று முடிவெடுப்பதும் ஒரு முடிவுதான்.

மண்ணுக்குள் ஜாயிண்ட் கூடாது

பைப் வேலையில் கண்டிப்பாக இருக்க வேண்டிய ஒரு விதி இது. டிபி பாக்ஸில் இருந்து முதல் கம்பம் வரை ஒரே துண்டு கேபிள், அங்கிருந்து அடுத்த கம்பம் வரை இன்னொரு துண்டு. இடையில் முறுக்கி டேப் சுற்றிய ஜாயிண்ட் மண்ணுக்குள் இருக்கவே கூடாது. "கம்பி அஞ்சு அடி பத்தலை" என்பதற்காகச் செய்யும் அந்த ஜாயிண்ட்தான் முதல் மழையில் வேலையைக் காட்டும்.

இணைப்புகள் எல்லாம் தரைக்கு மேலே, கம்பத்தின் உள்ளே அல்லது பக்கத்தில், குறைந்தது ஓரடி உயரத்தில். அந்தத் தெருவில் வெள்ளம் எதுவரை ஏறியது என்று அக்கம்பக்கத்தில் விசாரித்து, அதற்கும் மேலே வைப்பது நல்லது. பாக்ஸில் ஐபி 65 என்று இருக்க வேண்டும். முதல் எண் 6 என்றால் தூசி புகாது, இரண்டாம் எண் 5 என்றால் எந்தப் பக்கம் இருந்து தண்ணீர் பீய்ச்சினாலும் பாதிப்பு வராது. ஆனால் கேபிள் நுழையும் ஓட்டையை கிளாண்டு போட்டு இறுக்காவிட்டால் 65 என்ற எண்ணுக்கு மதிப்பே இல்லை.

இன்னொரு சின்ன விஷயம், பல வீடுகளில் தவறுவது. பைப்பின் வாட்டம் வீட்டில் இருந்து தோட்டத்தை நோக்கி இறங்க வேண்டும். தலைகீழாக இருந்தால் பைப்பில் சேரும் தண்ணீர் வீட்டுச் சுவருக்குள் வந்து நிற்கும். சுவரில் நுழையும் இடத்தில் பைப்பின் வாயை சீலன்ட் வைத்து அடைத்தால், தண்ணீரோடு சேர்ந்து பல்லியும் எறும்பும் டிபி பாக்ஸுக்குள் வருவதும் நிற்கும். வளைவுகளில் எல்போ போடாமல் நீண்ட பெண்டு போட வேண்டும். இல்லாவிட்டால் ஆர்மர்டு கேபிள் உள்ளே போகவே போகாது. பிறகு உறையை உரித்து இழுப்பார்கள், அதோடு கவசத்தின் பயன் போயிற்று.

இவ்வளவு எதற்கு, சோலார் போட்டுவிடலாமே?

நியாயமான கேள்வி. பல வீடுகளுக்கு அதுவே சரியான பதிலாகவும் இருக்கலாம். நடைபாதை ஓரத்தில் நாலு சின்ன வெளிச்சம் போதும் என்றால், சோலார் லைட்டுக்குப் பள்ளமும் வேண்டாம், பயமும் வேண்டாம். ஆனால் தொடர்ந்து மேகமூட்டமாக இருக்கும் மழை நாட்களில் ராத்திரி முழுக்க எரியாது. சில வருஷத்தில் பேட்டரி மாற்ற வேண்டி வரும்.

நடுவழி ஒன்று இருக்கிறது. அதைத்தான் அதிகம் பேர் யோசிக்க வேண்டும். வீட்டுக்குள்ளேயே மின்சாரத்தை 12 அல்லது 24 வோல்ட்டாகக் குறைத்து, அதை மட்டும் தோட்டத்துக்கு அனுப்புவது. வயர் நனைந்தாலும், பெருச்சாளி கடித்தாலும், குழந்தை தொட்டாலும் 12 வோல்ட் உயிரை எடுக்கும் அளவு அல்ல. இதற்கு இரண்டு நிபந்தனை உண்டு. குறைக்கும் கருவி, உள்ளே வரும் 230 வோல்ட்டையும் வெளியே போகும் 12 வோல்ட்டையும் முழுமையாகப் பிரித்து வைக்கும் வகையாக இருக்க வேண்டும். மலிவு விலை டிரைவர்கள் சிலவற்றில் அந்தப் பிரிப்பு இல்லை. இரண்டாவது, வோல்ட் குறைந்தால் ஆம்பியர் கூடும், தூரம் போகப் போக வெளிச்சம் மங்கும். 30 வாட் லைட்டுகளுக்கு 12 வோல்ட்டில் 2.5 ஆம்பியர் வேண்டும். 20 மீட்டர் தூரத்துக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் வயர் போட்டால், போய்ச் சேர்வதற்குள் சுமார் 1.2 வோல்ட் குறைந்துவிடும், அதாவது பத்தில் ஒரு பங்கு. தூரம் அதிகம் என்றால் 24 வோல்ட்டுக்குப் போகலாம், அல்லது வயரைத் தடிமனாக்கலாம்.

கேட் தூணில் பெரிய லைட், கார் நிறுத்துமிடத்தில் ஃபிளட் லைட், மோட்டார் கேட் என்றால் 230 வோல்ட் தவிர்க்க முடியாது. அப்போது மேலே சொன்ன எதையும் தவிர்க்கக் கூடாது.

ஏற்கெனவே மூடிய வீடுகளுக்கு?

மண்ணைத் தோண்டாமலே சில விஷயங்களைத் தெரிந்துகொள்ளலாம். வெளி லைட் லைன் ஆர்சிசிபி வழியாகப் போகிறதா என்று பார்ப்பது முதல் வேலை. ஆர்சிசிபியில் இருக்கும் டெஸ்ட் பட்டனை அழுத்தினால் வீட்டுக்குள் இருக்கும் லைட்டோடு தோட்டத்து லைட்டும் அணைய வேண்டும். தோட்டத்து லைட் மட்டும் எரிந்துகொண்டிருந்தால், யாரோ அதை ஆர்சிசிபிக்கு முன்னால் இணைத்திருக்கிறார்கள், அல்லது அது வேறு கருவியில் இருக்கிறது. பட்டனை அழுத்தினால் கருவி வேலை செய்கிறதா என்று மட்டும்தான் தெரியும். எர்த் வயர் இருக்கிறதா என்பது அதில் தெரியாது.

இரண்டாவது, மெகர் டெஸ்ட். லைட்டுகளைக் கழற்றிவிட்டு, மெயினை அணைத்துவிட்டு, 500 வோல்ட் மெகர் வைத்து வயர்களுக்கும் எர்த்துக்கும் நடுவில் அளப்பார்கள். 1 மெகா ஓமுக்குக் கீழே காட்டினால் அந்த கேபிளை மாற்ற வேண்டும். பேச்சுக்கே இடமில்லை. மழைக்காலத்துக்கு முன்பு ஒரு தடவையும், நல்ல மழை பெய்த மறுநாள் ஒரு தடவையும் அளந்தால் உண்மை நிலவரம் தெரியும். கையில் மெகர் இல்லாத ஆளிடம் இந்த வேலையைக் கொடுப்பதில் அர்த்தமில்லை. தமிழ்நாடு மின் உரிமம் வழங்கும் வாரியத்தின் சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்பதும் அவமரியாதை அல்ல.

அதுவரை ஒன்று செய்யலாம். மழை நாட்களில் அந்த லைனை டிபி பாக்ஸிலேயே அணைத்து வைப்பது. கம்பத்தைத் தொட்டால் "சுர்ருனு இருக்கு" என்று வீட்டு வேலைக்கு வருபவரோ, தோட்டக்காரரோ சொன்னால், அதைச் சிரித்துவிட்டுக் கடந்துபோகக் கூடாது. எர்த் இல்லை, கசிவு இருக்கிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான அறிவிப்பு கிடைக்காது.

மூடும் முன் பார்க்க வேண்டிய 7 விஷயங்கள்

1. பள்ளத்தின் ஆழம் இரண்டரை அடி இருக்கிறதா? டேப் வைத்து அளக்க வேண்டும், கண்ணளவு போதாது.

2. உள்ளே போவது ஐஎஸ் எண் அச்சிட்ட மூன்று கோர் ஆர்மர்டு கேபிளா?

3. எர்த் வயர் டிபி பாக்ஸில் இருந்தே வருகிறதா? கம்பத்தின் உலோகத்தில் போல்ட் போட்டு இணைத்திருக்கிறார்களா?

4. மண்ணுக்குள் எங்காவது ஜாயிண்ட் இருக்கிறதா?

5. பைப்பின் வாட்டம் தோட்டத்தை நோக்கி இறங்குகிறதா? வீட்டுப் பக்கம் வாய் அடைத்திருக்கிறதா?

6. இந்த லைனுக்குத் தனி ஆர்சிபிஓ இருக்கிறதா? அதில் 30 மில்லி ஆம்பியர் என்று அச்சாகியிருக்கிறதா?

7. மெகரில் அளந்த எண் என்ன? அதை பில்லில் எழுதிக் கொடுத்தார்களா?

இதோடு, பள்ளம் திறந்திருக்கும்போதே சுவரும் கேட்டும் தெரியும்படி நாலு போட்டோ எடுத்து, அளவு டேப்பையும் வைத்து, குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட வேண்டும். சென்னையிலோ பெங்களூரிலோ வேலையில் இருந்துகொண்டு, ஊரில் அப்பா அம்மா வீட்டுக்குப் பணம் அனுப்பி வேலை நடத்துபவர்களுக்கு இது இன்னும் முக்கியம். "போட்டோ வந்த பிறகுதான் மூடணும், மூடின பிறகு அந்த வேலைக்குப் பணம் கிடையாது" என்று முன்கூட்டியே பேசிவிட்டால் சண்டையே இல்லை. பத்து வருஷம் கழித்துத் தோண்ட வருபவருக்கு அந்தப் போட்டோதான் வரைபடம்.

செலவு யாருடையது, ஆபத்து யாருடையது?

சிக்கல் தொழில்நுட்பத்தில் இல்லை. ஆர்மர்டு கேபிள் எல்லா ஊர் எலக்ட்ரிக்கல் கடையிலும் கிடைக்கிறது. ஆர்சிபிஓவும் கிடைக்கிறது. விதியும் எழுதியிருக்கிறது. ஆனால் எஸ்டிமேட்டில் கிச்சன் டைல்ஸுக்கு ஒரு வரி இருக்கிறது, ஃபால்ஸ் சீலிங்குக்கு ஒரு வரி இருக்கிறது, வெளி லைட் பைப்புக்குத் தனி வரி இல்லை. தனி வரி இல்லாத வேலை மிச்சமான பொருளில், மிச்சமான நேரத்தில்தான் நடக்கும். அடுக்குமாடிக் குடியிருப்பில் இன்னும் மோசம். தோட்டத்து லைட் சங்கத்தின் பொதுச்செலவு, ஆகவே யாருடைய கவலையும் இல்லை.

அந்தக் கம்பத்தைத் தினமும் தொடுபவர்கள் யார் என்று யோசித்தால் இந்த அலட்சியம் இன்னும் உறுத்தும். காலையில் வாசல் தெளிப்பவர், செடிக்குத் தண்ணீர் விடுபவர், கேட்டைத் திறந்து மூடும் வாட்ச்மேன், மழையில் நனைந்தபடி பார்சல் கொடுக்க வரும் டெலிவரி இளைஞர், பந்து எடுக்க ஓடும் குழந்தை. கேபிளின் தரத்தைத் தேர்ந்தெடுத்தது இவர்களில் ஒருவரும் இல்லை. மூன்றில் ஒரு பங்கு ஆழத்தில் வேலையை முடித்து மிச்சம் பிடித்ததும் இவர்கள் இல்லை. ஈரக்கையோடு நிற்பது மட்டும் இவர்கள்.

ஆகவே எஸ்டிமேட் கேட்கும்போதே வெளி லைட்டுக்குத் தனி வரி கேட்க வேண்டும்: பள்ளம் இத்தனை அடி, கேபிள் இந்த வகை, தனி ஆர்சிபிஓ, மெகர் டெஸ்ட். ஆர்க்கிடெக்ட் இதை வரைபடத்திலேயே குறித்துக் கொடுக்க வேண்டும். பேவர் பிளாக் ஆட்களை ஒரு நாள் தள்ளி வரச் சொல்ல வேண்டும். அந்த ஒரு நாள் தாமதத்தைத் தவிர இதில் பெரிதாக இழப்பதற்கு எதுவும் இல்லை.